பின்னால் கேட்ட சத்தம்

சுபைதாவிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சென்னியப்பன்தான் வயதில் மூத்தவர். ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே நாற்பத்தைந்து வயதைத் தொட்டவர். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். மற்ற கடைகளில் இளவட்டங்களைத்தான் கேட்டார்கள். குமாரபாளையத்தில் அவர் பார்த்த இடத்தில் எல்லாம் டிரைவர் தேவை என்ற போர்டுதான் தொங்கியது.

சுபைதாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில், பழைய லாரி ஒன்றையும் சின்ன வண்டி ஒன்றையும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார்.

பயிற்சிக்காகக் கடைவீதிப் பக்கம் வண்டியை விடும்போது சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தில் பாதியை மூடிக்கொள்வார்.

"ஏனுங்கண்ணா, வெயிலா?" என்று கேட்டார் சுபைதா.

"தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துடுவாங்க."

"துண்டு மறைச்சா குறுக்க வர்றவங்க உங்களுக்குத் தெரியமாட்டாங்க. எடுத்துடுங்க."

சென்னியப்பன் துண்டை எடுத்தார். ஆனால் கடைவீதி தாண்டும்வரை குனிந்தேதான் ஓட்டினார்.

லைசென்ஸ் கிடைத்தது. சுபைதா சொல்லி, சிமெண்ட் கடை ஒன்றில் சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டியை ஓட்டும் வேலையும் கிடைத்தது. "என் பேர் சொல்லித்தான் சேர்த்துவிட்டிருக்கேன்" என்றார் சுபைதா.

வேலைக்குச் சேர்ந்த அதே வாரம். ஒரு சந்துக்குள் புது வீடு கட்டும் இடத்தில் சிமெண்டை இறக்கிவிட்டு, சென்னியப்பன் வண்டியைத் திருப்பினார். அந்த வீட்டுக்கு எதிரே ஒரு சலூன். பின்பக்கம் எடுத்து, முன்பக்கம் ஒடித்தால் சந்தை விட்டு வெளியே வந்துவிடலாம். பின்பக்கம் எடுக்கும்போது இரும்பு நெரியும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. நீல நிறம். ஒரு சக்கரம் மடங்கியிருந்தது. பக்கத்தில் ஆள் யாருமில்லை.

இறங்கக் கதவில் கை வைத்தார். அப்போது சந்து முனை டீக்கடையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சென்னியண்ணா!"

ஜவுளிக்கடையில் அவரிடம் வேலை பழகிய பையன்கள் இருவர் டீ கிளாசோடு நின்றிருந்தார்கள். சைக்கிள் அவர்கள் கண்ணில் படவில்லை. வண்டி மறைத்திருந்தது.

சென்னியப்பன் கதவிலிருந்து கையை எடுத்தார். கியரைப் போட்டார். டீக்கடையைத் தாண்டும்போது பையன்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் பொட்டலுக்கு வந்தார்.

"ரிவர்ஸ் எனக்குச் சரியா வரலைங்க. இன்னொரு தடவை சொல்லிக்கொடுங்க" என்றார்.

சுபைதா வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்க பம்பரில் நீலப் பெயிண்ட் தீற்றியிருந்தது. அதைப் பார்த்தார். மண்ணில் நான்கு கற்களை நட்டு, "எடுங்க" என்றார்.

சென்னியப்பன் பின்பக்கம் எடுத்தார். ஒரு கல்லும் சாயவில்லை. சுபைதா கற்களை நெருக்கி வைத்தார். சென்னியப்பன் மறுபடியும் எடுத்தார். அப்போதும் எதுவும் சாயவில்லை. சுபைதா இன்னும் நெருக்கினார். வண்டி நுழைந்து நின்றது.

சுபைதா ஜன்னலருகே வந்தார்.

"நல்லாத்தானே எடுக்கறீங்க. என்ன கத்துக்க வந்தீங்க?"

சென்னியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும், "ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். உங்க பேரும் கெடும். அதான்..." என்று இழுத்தார்.

சுபைதா மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"அந்தச் சந்துக்கு விடுங்கண்ணா."

சலூன் வாசலில் கூட்டம் இருந்தது. சைக்கிளை யாரோ நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் இரண்டும் குச்சிபோல் மடங்கியிருந்தன. தெருத்தெருவாகப் போய்க் குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்யும் ராக்கியண்ணன். காலையில் சவரம் செய்துகொள்ள வந்தவர்.

"காலையில இருந்து இப்படியேதான் உட்கார்ந்திருக்காருங்க" என்றார் சலூன்காரர். "தூக்கிட்டுப் போய் வீட்ல விடறோம்னு எத்தனை பேரு சொல்லிட்டோம். தொடவிடலை. தண்ணிகூடக் குடிக்கலை."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்" என்றார் ராக்கியண்ணன். "அப்புறம் உங்களைத்தான் தூக்கச் சொல்லணும். அஞ்சு வயசுக்கப்புறம் யாரு இடுப்புலயும் நான் ஏறினதில்லை."

சுபைதா முன்னால் போய் நின்றார்.

"சைக்கிளை இடிச்சவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது நான்தானுங்க" என்றார். பிறகு ஒதுங்கிக்கொண்டார்.

எல்லோருடைய கண்களும் சென்னியப்பன் மேல் திரும்பின. கூட்டத்தில் அந்த டீக்கடைப் பையன்களும் இருந்தார்கள். ஒருவன் சைக்கிளையும் சென்னியப்பனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சத்தம் கேட்டுச்சா உனக்கு?" என்று கேட்டார் ராக்கியண்ணன்.

"கேட்டுச்சுங்க."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுப் போனியா?"

சென்னியப்பன் தலையை மட்டும் அசைத்தார்.

ராக்கியண்ணன் இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டினார்.

"சரி. தூக்கு."

சலூன்காரருக்கு ஆச்சரியமாகிவிட்டது. "நாங்க கேட்டப்போ வேண்டாம்னீங்க?"

"நீங்க தூக்கினா நான் வெக்கப்படணும். இவன் தூக்கினா இவன் வெக்கப்படட்டும்."

சென்னியப்பன் குனிந்தார். ராக்கியண்ணன் அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு முதுகில் ஏறிக்கொண்டார். வண்டியைக் காட்டினார் சென்னியப்பன்.

"அதுல வேண்டாம். நடந்தே போ. கடைவீதி வழியா."

கடைவீதியில் மாலைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. இருபது வருடம் சென்னியப்பனுக்கு வணக்கம் சொன்னவர்கள் கடை வாசல்களில் நின்று பார்த்தார்கள். முதுகில் இருந்தவர் கனமில்லை. ஆனாலும் சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால், நெரிந்த சைக்கிளை ஏற்றிய வண்டியை சுபைதா மெதுவாக ஓட்டி வந்தார். ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் ராக்கியண்ணன், "உள்ள வேண்டாம், கொல்லைப்பக்கம் போ, சீக்கிரம்" என்றார். சென்னியப்பன் ஓடினார்.

அன்று மாலையே சிமெண்ட் கடைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். "இடிச்சதுக்கு இல்லை, நிக்காம போனதுக்கு" என்றார் அவர்.

சைக்கிளை வெல்டிங் பட்டறையில் விட்டார்கள். சக்கரம் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அதுவரை ராக்கியண்ணனின் வேலை நிற்கக்கூடாது. காலையில் சென்னியப்பன் போய் நிற்பார். ராக்கியண்ணன் முதுகில் ஏறிக்கொள்வார். ஸ்பேனர் பை சென்னியப்பன் தோளில் தொங்கும்.

"கூவறது நான் கூவறேன். நீ நட."

தெருவுக்குள் நுழைந்ததும் காதருகே குரல் எழும். "குக்கர் ரிப்பேர்! கேஸ் அடுப்பு ரிப்பேர்!"

பெண்கள் குக்கரோடு வெளியே வருவார்கள். சென்னியப்பனைப் பார்த்ததும் நிற்பார்கள்.

"சேலைக்கடை அண்ணாதானே?"

அவர் பதில் சொல்வதற்குள் முதுகிலிருந்து பதில் வரும். "ஆமாங்கம்மா. என் சைக்கிளை இடிச்சுட்டு நிக்காம போனவரு."

வாசலுக்கு வாசல் இதே பதில். முதலில் சில நாள் சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு வீட்டில் ஒரு பெண் கேட்டபோது, ராக்கியண்ணன் வாயைத் திறக்கும் முன்னே, "ஆமாங்க, நான்தான்" என்றார். ராக்கியண்ணன் குக்கரின் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சக்கரம் வந்தது. ராக்கியண்ணன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கொஞ்சம் இழுக்குது. பரவால்லை" என்றார். பிறகு, "நாளைக்கு வரவேண்டாம்" என்றார். மன்னித்தேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. பையை முன்னால் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பன் பொட்டலுக்குப் போனார். உள்ளே போகாமல் வேலியருகே நின்றார். லாரியில் யாரோ புதிதாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுபைதா கீழே நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் வந்தார்.

"ஏன் அங்கயே நின்னுட்டீங்க?"

"உள்ள வர ஒரு மாதிரியா இருக்குங்க."

சுபைதா வேலிப் படலைத் திறந்தார்.

"இனிமே யாரும் என்னை நம்பி வண்டி தரமாட்டாங்க."

"லாரியில ரெண்டாவது ஆளு வேணும் எனக்கு. புதுசா வர்றவங்க பக்கத்துல உட்காரணும். அந்தப் பக்கம் இருக்கற ரெண்டாவது பிரேக்ல கால் வெச்சுக்கிட்டு."

"நானா?"

"நீங்கதான்."

சென்னியப்பன் லாரியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி ஒரு கனவுங்க. கனவுல வண்டியைப் பின்பக்கம் எடுக்கறேன். எதுவும் இடிக்கலை. ஆனாலும் உடம்பெல்லாம் கூசுது. ஸ்டியரிங்னு நெனச்சாலே அந்தச் சத்தம் கேக்குது. நான் சிரிச்சுட்டுப் போனது ஞாபகம் வருது. இந்த வெக்கம் எப்பத்தான் போகுங்க?"

சுபைதா லாரியின் கதவைத் திறந்து பிடித்தார்.

"அந்த வெக்கம் போற அன்னைக்கு வண்டியை விட்டு இறங்கிடுங்கண்ணா."