செத்துப்போன இன்ஜின்

விமானத் தேர்வில் கேப்டன் மகுடபதி யாருக்கும் பாஸ் போட்டதே இல்லை. நடுவானில் இன்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடி, "இன்ஜின் செத்துப்போச்சு, இறக்கு" என்பார். தரை நெருங்கியதும், "போதும், மேலே ஏறு. நீ ரன்வேயை எட்டியிருக்க மாட்டே" என்பார். இறங்கியே பார்க்காதவர்களால் என்ன வாதாட முடியும்?

ஜெசிந்தாவின் முறை வந்தது.

"இன்ஜின் எப்போ சார் பிழைக்கும்?"

"செத்தது எங்கேயாவது பிழைக்குமா?"

அவள் ப்ரொப்பெல்லர் லீவரைப் பின்னால் இழுத்தாள். காற்றை மறித்துச் சுழன்ற விசிறித் தகடுகள் விளிம்பைக் காட்டித் திரும்பின. காற்றின் தடை குறைந்து, விமானம் வழுக்கிக்கொண்டே போனது. எவ்வளவு தூரம்தான் போகும் என்று கேப்டனே எட்டிப் பார்த்தார். பிறகு சுதாரித்தார்.

"போதும், ஏறு!"

"எப்படி சார்? இன்ஜின்தான் செத்துப்போச்சே."

விமானம் ரன்வேயின் நடுவில் வந்து நின்றது.

"சரி சரி, ஷெட்டுக்கு ஓட்டு."

"செத்த இன்ஜின் ஓடாது சார். இறங்கித் தள்ளுங்க. ரன்வேயை எட்டியிருப்பேனான்னு தள்ளிக்கிட்டே யோசிங்க."