மடங்கும் கூடம்

பதினெட்டு மாடி அலுவலகக் கோபுரத்தின் கீழ்த்தளக் கூடத்தைப் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தவன் சிவநேசன். ஒரு வருடம் கழித்து, தனக்கு வரைபடம் கற்பித்த வேதமாணிக்கத்தை அழைத்து வந்து காட்டினான்.

"மேசை மடங்கும், தடுப்பு மடங்கும், நாற்காலி மடங்கும். காலையில் வரவேற்பறை, மதியம் சாப்பாட்டுக்கூடம், மாலையில் விழா மேடை. மாற்ற ஏழே நிமிடம். அடுத்த கோபுரத்தையும் எனக்கே தரப்போகிறார்கள். இங்கே மடங்காதது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், ஐயா."

ஆசான் வாசலில் நின்ற காவலாளியிடம் போனார்.

"பேரென்ன?"

"சூசைங்க."

"எத்தனை மணி நேரம் நிக்கறீங்க?"

"பன்னெண்டு. முன்னாடி ஒரு ஸ்டூல் கிடந்துச்சு. படத்துல இல்லைன்னு எடுத்துட்டாங்க."

"யார் வரைஞ்ச படம்?"

"யாரோ பெரிய ஆளாம். உக்காந்துதான வரைஞ்சிருப்பாரு."

சிவநேசன் முகம் சிவந்தது.

"அவரை உட்காரச் சொல்," என்றார் ஆசான்.

சிவநேசனே ஒரு நாற்காலியை விரித்துப் போட்டான். "உக்காருங்க சூசை. நான் சொல்றேன்ல."

சூசை உட்கார்ந்தார். இடது கால் மட்டும் மரக்கட்டை போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வீங்கி இறுகியிருந்தது.

அப்போது லிஃப்ட் திறந்தது. கட்டட முதலாளியும் மேற்பார்வையாளரும் வந்தார்கள்.

"என்னய்யா, மாமியார் வீடா இது?" என்றார் மேற்பார்வையாளர். "தொப்பியைக் கழட்டு. நாளையிலிருந்து வராதே."

"இந்த சார்தான் உக்காரச் சொன்னாருங்க."

"ஆமாம், நாங்கள்தான் சொன்னோம்," என்றார் ஆசான்.

"நீங்க யாரு பெரியவரே? சும்மா இருங்க." மேற்பார்வையாளர் சிவநேசன் பக்கம் திரும்பினார். "சார், நீங்களா சொன்னீங்க?"

முதலாளியும் அவனைப் பார்த்தார்.

சிவநேசன் கையிலிருந்த வரைபடச் சுருளைப் பார்த்தான்.

சூசை எழ மூன்று முறை முயல வேண்டியிருந்தது. தொப்பியை நாற்காலியில் வைத்தார். காலை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார். யாரோ வந்து நாற்காலியை மடக்கி எடுத்துப் போனார்கள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் சிவநேசன் வாய் திறந்தான். "நான் என்ன செய்திருக்க முடியும், ஐயா?"

"மடங்காதது எது என்று கேட்டாயே. அந்த முழங்கால்தான்," என்றார் ஆசான். "உன் நாக்கு மடங்க ஏழு நிமிடம்கூட ஆகவில்லை."