குழந்தைவேலு வாசலில் முளைத்த ஏரி

கொன்றைப்பாளையம் பேரூராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டுகிற குழந்தைவேலுவுக்குப் புளுகுவதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. ஆனால் அன்று அவர் புளுக நினைக்கவில்லை, நிலைமை புளுக வைத்தது. மகள் தமயந்தியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். வாசலிலோ சாக்கடை அடைத்துக்கொண்டு தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர். தண்ணீர்மேல் போட்டு நடக்க, அவர் மனைவி பக்கத்துத் தெருவுக்குப் பலகை கேட்டு ஓடியிருந்தாள். பலகை வரும்வரை வந்தவர்களைத் திரும்பிப் போகவிடாமல் பேசியே நிறுத்தவேண்டும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நாச்சிமுத்து வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி அக்கரையிலிருந்து கேட்டார்.

"ஏனுங்க, பேரூராட்சியில வேலைங்கறீங்க. உங்க வாசலே இப்படிக் கெடக்குது?"

"இப்பெல்லாம் செல்போன்லயே புகார் குடுத்தாப் போதுமுங்க," என்று படியில் நின்ற குழந்தைவேலு ஆரம்பித்தார். "குடுத்த நிமிசமே 'சரிசெய்யப்பட்டது'ன்னு மெசேஜ் வந்துரும். எங்க ஆபீசு அத்தனை வேகமுங்க. ஒரு பொம்பளைக்குப் பிரசவத்துக்கு முந்தியே பிறப்புச் சான்றிதழ் போயிருச்சு. அதுல பேரு தப்பு. வயித்துக்குள்ள இருந்துட்டே கொழந்தை திருத்தம் கேட்டு மனுப் போட்டுச்சுங்க!"

"திருத்திக் குடுத்தீங்களா?" என்றார் நாச்சிமுத்து, சிரிக்காமல்.

"நான்தான் தள்ளுபடி பண்ணுனேன். பொறக்கறதுக்கு முந்தி ஆதார் ஏதுங்க? பொறந்ததும் அது மொதல் காரியமா என் மேலதான் ஒண்ணுக்குப் போச்சு."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அதற்குள் சிரித்தாளா, குமட்டினாளா என்று தெரியவில்லை. பலகையைக் காணோம். குழந்தைவேலு தம் பிடித்துக்கொண்டார்.

"குப்பைத்தொட்டிக்கெல்லாம் சென்சாருங்க. நெறைஞ்சா அதுவே ஆளைக் கூப்பிடும். எங்க ஆபீசு தொட்டி ஒருநாள் பொறுமை தாங்காம, தானே நடந்து குப்பைக் கெடங்குக்குப் போய்க் கொட்டிட்டு வந்து, விரல் வெச்சு வருகைப் பதிவும் போட்டுருச்சு. அதுக்கு வேலை நிரந்தரம் பண்ணிட்டாங்க. நானு இன்னும் தற்காலிகந்தான். இப்ப லீவு வேணும்னா அந்தத் தொட்டிகிட்டத்தான் கேக்கணும். இன்னைக்கும் அரை நாள்தான் குடுத்துச்சு."

"தொட்டிக்கு விரல் ஏதுங்க?" என்றான் மாப்பிள்ளைப் பையன்.

"விரல் இல்லாமயே அதுக்குப் பதியுது தம்பி. எனக்கு விரல் இருந்தும் பதிய மாட்டேங்குது."

"கதை இருக்கட்டும்," என்றார் நாச்சிமுத்து. "இந்தத் தண்ணி?"

"தண்ணின்னு சொல்லாதீங்க, ஏரி! நேத்துச் செல்போன்ல புகார் குடுக்கலாம்னு பாத்தா, அதுல சாக்கடைன்னு ஒரு வகையே இல்லீங்க. 'நீர்நிலை'ன்னு இருந்துச்சு. நீர் நிலையாத்தானே நிக்குதுன்னு அதைத் தொட்டுட்டேன். உடனே சேட்டிலைட்டு எட்டிப் பாத்து ஏரின்னு பதிஞ்சுருச்சு. காலையில சைபீரியாவுலிருந்து ஒரு நாரைகூட வந்து எறங்குச்சு. மூக்கைப் பொத்தக் கையில்லாததால திரும்பிப் போயிருச்சு."

அப்போது அவர் செல்போன் டிங் என்றது. பார்த்தவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னன்னு சத்தமாப் படிங்க," என்றார் நாச்சிமுத்து.

"'நீர்நிலையை ஆக்கிரமித்துக் கட்டப்பட்டுள்ள தங்கள் வீட்டை உடனடியாக அகற்றவும்.'" குழந்தைவேலு செல்போனை உயர்த்திக் காட்டினார். அன்று அவர் வாயிலிருந்து வந்ததில் இந்த மெசேஜ் மட்டும்தான் அவர் ஒரு எழுத்துகூடச் சேர்க்காதது. "பாத்தீங்களா வேகத்தை! நானு லீவுல இருந்தாலும் என்னோட கம்ப்யூட்டர் வேலை செய்யுதுங்க!"

சொல்லிவிட்டாரே தவிர, தன் வாயும் தன் விரலும் சேர்ந்து மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டன என்று நினைத்தார்.

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"பொண்ணு பாக்கற எடத்துல புளுகாதவங்க ஆருங்க? நாங்களும் பையன் சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்தித்தான் சொன்னோம். ஆனா தன்னையக் குப்பைத்தொட்டிக்கும் கீழ எறக்கிப் புளுகற மனுசனை இப்பத்தான் பாக்கறேன். இந்த ஊட்ல பயப்படாமப் பொண்ணெடுக்கலாம். ஆழம் எவ்வளவுங்க?"

"கணுக்கால் அளவுதானுங்க! தைரியமா வாங்க!"

நாச்சிமுத்து இறங்கினார். முழங்காலுக்கு மேல் வேட்டி நனைய, நிமிர்ந்து குழந்தைவேலுவைப் பார்த்தார்.

"இது ஒண்ணு மட்டும் பச்சைப் பொய்யுங்க, சம்பந்தி."