மடக்கி வைத்த காட்சி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஜெபராணியோடு ஸ்டூடியோவில் வீடியோ எடிட் செய்யும் தோழி சொன்னாள்.

பஸ் முதலாளி தவசிமுத்து, தன் அப்பாவின் நினைவு நாளில் போட அவருடைய கடைசிப் பிறந்தநாள் வீடியோவைக் கொண்டுவந்தார்.

"அப்பா வர்ற இடம் எதுவும் போகக்கூடாது. என் மேல கேஸ் போட்ட தம்பி எங்கயும் தெரியக்கூடாது. முடியலேன்னா உன் ஓனர்கிட்ட சொல்லிருவேன், உன் வேலை போயிரும்."

தம்பி வரும் இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு ஜெபராணி ஓட்டிக் காட்டினாள். திரையில் மாலை போட்ட வெற்று நாற்காலி மட்டும் இருந்தது.

"எங்க அப்பா எங்கேம்மா?"

"நடக்க முடியாதவரைத் தம்பிதான் தூக்கிட்டு வர்றாரு, அண்ணாச்சி. ஊட்டி விடுறதும் அவர்தான். அவரை எடுத்தா அப்பாவும் போயிடுறாரு."

அவர் நாற்காலியையே பார்த்தார். "வெட்டினது போனதுதானா?"

"வெட்டலை, மடக்கித்தான் வச்சிருக்கேன்." திரையின் அடியில் கோடாகத் தெரிந்த கிளிப்பின், அதாவது வீடியோத் துண்டின், ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தாள். தம்பியின் கைகளில் அப்பா வந்தார்.

பிறகு நானும் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவை வைத்துச் செய்து பார்த்தேன். ஓரத்தை இழுத்தால், எடுத்ததெல்லாம் குறையாமல் திரும்புகிறது.