எறும்பு தள்ளிவிட்ட முத்து

“எறும்புகிட்ட பிச்சையெடுக்கிற பிழைப்பு நமக்கு எதுக்கு தாயி?” என்று கேட்டார் சந்தியாகு.

சீடரான அவருக்கு வயது அறுபத்திரண்டு. பெயிண்டு ஆலையில் முப்பது வருஷம் எண்ணெய் சோதித்தவர். முத்துப் பொறுக்கக் கற்றுக்கொடுத்த குரு இருளாயிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவள் எறும்பு வளை வாயில் கிடந்த ஆமணக்கு முத்துகளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

அந்தக் கரட்டுக் குன்றில் ஆமணக்கை யாரும் விதைக்கவில்லை. தானாய் முளைத்தது. காய் வெடிக்கும். எறும்புகள் முத்தை வளைக்குள் இழுத்துப் போகும். முத்தின் மூக்கிலிருக்கும் சதையை மட்டும் தின்றுவிட்டு மீதியை வெளியே தள்ளும். அதை ஆட்டினால் எண்ணெய். அந்த எண்ணெய் கலந்த பெயிண்டில்தான் ஊரூராகக் கதவுகள் பளபளத்தன.

அந்த எறும்பு தும்மினால் அடிவாரம்வரை கேட்கும். நானே கேட்டிருக்கிறேன். நம்பாதவர்கள் மூக்குப்பொடியோடு போய்ப் பார்க்கலாம்.

ஜீப்பில் ஆலை மேலாளர் வந்து இறங்கினார்.

“பத்து மடங்கு எண்ணெய் வேணும்மா. மருந்தடிச்சு எறும்பை ஒழிச்சிட்டு, காயை நேரா செடியிலேயே பறிச்சுக்கலாம். இங்க பொறுக்குற உரிமை உங்க ரெண்டு பேர் பேர்லதான் இருக்கு. ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும்.”

“போடலைன்னா?”

“நாளையிலேர்ந்து உங்க எண்ணெயை வாங்க மாட்டோம்.”

வேறு யாரும் வாங்குவதில்லை.

“போட்டுடுங்க தாயி,” என்று கிசுகிசுத்தார் சந்தியாகு. “அடுப்பு எரியணும்ல.”

இருளாயி மேலாளரைப் பார்த்தாள். “நான் அவங்க குப்பையைப் பொறுக்குறவ சார்.”

“யாரு குப்பை?”

வளையைக் காட்டினாள். “குப்பை பொறுக்க வந்தவ, அவங்க வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?”

மேலாளர் சிரித்தார். “எறும்புக்குப் பட்டா இருக்கா?”

“உங்க தாத்தா பிறக்குறதுக்கு முன்னாலேர்ந்து குடியிருக்காங்க. தைரியம் இருந்தா நோட்டீசு கொடுத்துப் பாருங்க.”

அவர் முகம் சிவந்தது. காகிதத்தையும் பேனாவையும் சந்தியாகுவிடம் நீட்டினார். “பெரியவரே, நீங்க படிச்சவரு. நீங்களாவது போடுங்க.”

சந்தியாகு வாங்கிக்கொண்டார். குந்தி உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்தார்.

ஓர் எறும்பு முத்தோடு வந்தது. எதிரே மேலாளரின் பூட்ஸ். இடப்பக்கம் சுற்றியது. அங்கே இன்னொரு பூட்ஸ். திரும்பி வந்து பழைய பூட்ஸையே முட்டியது. முத்தை விடவில்லை.

சந்தியாகு அதையே பார்த்தார். பேனாவை மூடினார்.

“பூட்ஸைக் கழட்டுங்க சார்,” என்றார். “அவங்க வீட்டு வாசல்ல நிக்கிறீங்க.”