சங்கத்துப் பலகை

தோல் பதனிடும் ஷாப் தொழிலாளிகள் சேர்ந்து நடத்திய கடன் சங்கத்துக்கு அமலோற்பவம் தலைவர். கோதண்டம் அவளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சங்கம் நடத்தக் கற்றுக்கொள்ள அவளிடம்தான் வந்து சேர்ந்தார். எல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டார். மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்த கோபம் மட்டும் இறங்கவே இல்லை.

அன்று மூச்சிரைக்க வந்தார்.

"தலைவரம்மா, இந்த முனிரத்தினத்தை என்ன செய்றது? நம்ம தவணையைக் கட்டி மூணு மாசமாச்சு. பொண்டாட்டி ஷூ கம்பெனியில வாங்குற கூலியை, வட்டிக்கு விடுற தண்டல்காரனுக்கு மட்டும் தவறாம கட்டுறான்!"

"ஏன் அப்படி?"

"தண்டல்காரன் வாசல்ல நின்னு கத்துறான். வீட்டுப் பொம்பளைங்களைக் கேவலமா பேசுறான். நாம 'பாத்துக் கட்டுப்பா'ன்னு சொல்றோம். முனிரத்தினம் நம்மளை இளிச்சவாயன்னு நெனச்சுட்டான்."

"ஜாமீன் போட்ட ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனீங்களா?"

அதுதான் சங்கத்து வழக்கம். தவணை தவறினால் ஜாமீன் போட்டவர்களோடு வீட்டுக்குள் போய், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும்.

"அதுக்கெல்லாம் எங்க நேரம்? நம்ம சங்கத்து மல்லிகா மகனுக்கு நாளைக்கு ஆபரேஷன். பெட்டி காலியா கெடக்கு. இவன் கட்டினாத்தானே அவளுக்குக் குடுக்க முடியும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயமே அவர் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. அமலோற்பவம் வாய் திறப்பதற்குள் கிளம்பிவிட்டார்.

முனிரத்தினத்தின் வாசலில் நின்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. முனிரத்தினம் நொண்டியபடி வந்தான். ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வெந்த காலில் துணி சுற்றியிருந்தது.

"அண்ணே, உள்ள வந்து பேசுங்க."

"உள்ள வர நான் என்ன விருந்தாளியா? மானம் இருந்தா இன்னிக்கே பணத்தை வை!"

சாயங்காலமே பணம் வந்தது. பாக்கி மொத்தமும் வந்தது. கோதண்டம் அதைத் தலைவரின் மேசைமேல் வைத்தார்.

"பாத்தீங்களா? கத்தினாத்தான் காசு வருது."

"அவன் வேலைக்குப் போறானா?"

"இல்ல. கால்ல புண்ணு."

"அப்ப இது ஏது?"

கோதண்டம் தலையைச் சொறிந்தார். "தண்டல்காரன்கிட்ட மேல்கடன் வாங்கினானாம்."

அமலோற்பவத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை. பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பிள்ளை உசுரு காத்துக்கிட்டிருக்கு. மல்லிகாகிட்ட குடுத்துட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது அவள் ஸ்டூல்மேல் ஏறி, சங்கத்தின் பெயர்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆணி துருவேறிப் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். சுவர்க் காரை பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

"என்னம்மா இது!"

இறங்கி வந்து பலகையை அவர் கையில் திணித்தாள்.

"கொண்டுபோய்த் தண்டல்காரன் கடையில மாட்டிட்டு வாங்க."

"எதுக்கும்மா? பணம்தான் வசூலாயிடுச்சே?"

"அந்த வேலைக்கு இந்தத் தெருவுல ஏற்கெனவே ஒரு கடை இருக்குண்ணே. இன்னொண்ணு எதுக்கு?"