வட்டியில் முந்திய ராஜா

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வெண்ணாவல் நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் வேறு எவனாவது தன்னைவிட ஒரு சாண் உயரமாகக் குடை பிடித்துவிட்டால், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்தது. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் தலைநகரமே வெள்ளத்தோடு போய்விடும். மந்திரி கூத்தபிரானார் யோசனைப்படி, ராஜா கடன் ஓலை எழுதி விற்றான். நூறு பொன் கொடுத்து வாங்கினால் வருஷம் ஐந்து பொன் வட்டி, பத்தாம் வருஷம் போட்ட முதலும் கைக்கு வரும். ஜனங்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

ஒருநாள் மாறுவேஷத்தில் கடைவீதிக்குப் போன ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் ஓலை விற்கிறார்கள்! சந்தைக்குக் கூரை போட நகரசபை விற்கும் ஓலைக்கு வட்டி ஆறு. கப்பல் வணிகர்களின் ஓலைக்குப் பன்னிரண்டு!

"கப்பலில் உப்பு ஏற்றுகிற பயல் பன்னிரண்டு, நான் வெறும் ஐந்தா?" என்று சபையில் குதித்தான்.

பொக்கிஷதாரர் உத்தண்டருக்கு மந்திரி பதவிமேல் பத்து வருஷமாகக் கண். "மந்திரி தங்களை மட்டம் தட்டிவிட்டார், பிரபு! இருபது என்று அறிவியுங்கள். யார் பெரியவர் என்று ஊருக்குத் தெரியட்டும்!" என்றார்.

"வேண்டாம் அரசே..." என்று மந்திரி வாயெடுத்தார்.

"பேசாதீரும்! இருபதுக்கு ஓலை விற்றுத் தீர்ந்தால், உமது முத்திரை மோதிரம் உத்தண்டருக்கு!"

மறுநாள் காலை தண்டோரா போட்டார்கள். மதியத்துக்குள் அரண்மனை வாசலில் ஊரே கூடிவிட்டது. "வாங்க வந்த கூட்டத்தைப் பார்த்தீரா!" என்று ராஜா சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

செக்கு ஓட்டும் செம்பாயி பழைய ஓலையை நீட்டினாள். "சாமி, எனக்கு வட்டியே வேண்டாம். நான் போட்ட நூறைக் குடுத்தாப் போதும்."

"ஏனம்மா?"

"அஞ்சுக்கே கடன் வாங்கிக்கிட்டிருந்த ராசா இருபது தர்றேன்னு கூவுறாருன்னா, கஜானா காலின்னுதானே அர்த்தம்? இந்த ஓலையை எழுபதுக்குக்கூட எவனும் வாங்கமாட்டேங்கிறான்!"

புது ஓலையில் ஒன்றுகூட விற்கவில்லை. கரை அப்படியே உடைந்து கிடந்தது.

மந்திரி மெல்ல ஒரு அறிவிப்புச் செய்தார்: "கடன் ஓலை வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு ஓலைக்கொரு பட்டு வேட்டி!"

முதலில் ஓடி வந்தவர் உத்தண்டர். இரண்டு ஆட்கள் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். மந்திரி திறந்தார். நாற்பது ஓலை. நாற்பதும் நகரசபை ஓலை! ராஜாவின் முத்திரை போட்டது ஒன்றுகூட இல்லை. ராஜா ஒரு ஓலையை உருவி உத்தண்டர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"என்னை இருபது தரச் சொல்லிவிட்டு, நீர் வாங்கியது ஆறு வட்டி ஓலையா?"

"சந்தைச் சுங்கம்... வாராவாரம் தவறாமல் வருகிறது பிரபு..." என்று இழுத்தார் உத்தண்டர்.

"அதுதான் விஷயம், அரசே," என்றார் மந்திரி. "வணிகர் பன்னிரண்டு தருவது பெருமைக்கல்ல. கப்பல் முழுகினால் போட்ட முதலும் முழுகும், அந்தப் பயத்துக்குக் கூலி. நகரசபைக்குச் சந்தைச் சுங்கம் இருக்கிறது, ஆறு போதும். தங்களுக்கு நாடு முழுவதும் வரி வருகிறது. அதனால்தான் ஐந்துக்கே நம்பினார்கள். எல்லாரையும்விடக் குறைந்த அந்த வட்டிதான் தங்கள் குடையின் உயரம்."

ராஜாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலுக்குப் போய்த் தானே கூவினான்: "இனி ஐந்துதான்! போட்ட பணம் திரும்ப வேண்டியவர்கள் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்!"

முதல் இருபது பேருக்குப் பொன் எண்ணிக் கொடுத்தாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற செம்பாயி தன் முறை வந்ததும் ஓலையை மடியில் செருகிக்கொண்டாள். "கேட்டதும் குடுக்கிறாரே! அப்போ இது இருக்கட்டும் சாமி." பின்னால் நின்றவர்களும் திரும்பிவிட்டார்கள். மீதி ஓலையும் ஐந்துக்கே விற்று, கரை மழைக்கு முன்பே எழுந்தது.

உத்தண்டருக்கு ராஜா ஒரு தண்டனைதான் கொடுத்தான். "நீரும் உமது பெயரில் ஒரே ஒரு ஓலை எழுதி விற்றுவிட்டு வாரும். வட்டி உமது இஷ்டம்."

உத்தண்டர் கடைவீதியில் இருபதில் ஆரம்பித்தார். ஐம்பது என்றார். பொழுது சாய்வதற்குள் நூறு என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் அவருடைய மாமியார் வந்து, ஓலையை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாம் சரி மாப்பிள்ளே, அடமானமா என்ன வைக்கிறீங்க?"